ஓடாத வரியைக் கம்பைலர் ஏன் காட்டிக்கொடுப்பதில்லை?

ஜாவா நிரல்மொழியில் ‘வைல்’ (நிபந்தனை உண்மையாக இருக்கும்வரை சுற்று) எழுதி, அடைப்புக்குறிக்குள் ‘ஃபால்ஸ்’ (பொய்) போட்டு, உள்ளே ஏதாவது ஒரு வரி எழுதிப் பாருங்கள். நிரல் கம்பைல் ஆகாது, அதாவது கணினி ஓட்டக்கூடிய வடிவுக்கு மாறாது. உள்ளே இருக்கிற வரிக்குப் போக வழியே இல்லை என்று பிழை காட்டி, அந்த மாற்றும் வேலையைச் செய்கிற கம்பைலர் நின்றுவிடும். அதே வரியை ‘இஃப் ஃபால்ஸ்’ (பொய் என்றால் செய்) என்பதற்குள் வையுங்கள். ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் கம்பைல் ஆகிவிடும். இரண்டிலும் அந்த வரி ஓடப்போவதில்லை என்பது நமக்கும் தெரியும், கம்பைலருக்கும் தெரியும்.

இன்னொன்று. ‘எண்ணிக்கை’ என்ற மாறியில் 5 என்று போட்டுவிட்டு, அது 7-ஐவிடப் பெரிதாக இருக்கும்வரை சுற்று என்று ஒரு வைல் எழுதினால் ஜாவா ஏற்றுக்கொள்ளும். மாறியை அறிவிக்கும் இடத்தில் ‘ஃபைனல்’ (இனி மாறாது) என்ற ஒரே சொல்லைச் சேர்த்தால் பிழை வந்துவிடும். சுற்றுக்குள் ஒரு எழுத்துகூட மாறவில்லை.

காரைக்குடியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிற பிள்ளைகள் யாராவது ஒருவர் வருடா வருடம் அடகுக் கடைக்கு வட்டிக் கணக்கு போடும் புராஜெக்ட் செய்வார்கள். அதில் எங்காவது இப்படி ஒரு வரி மாட்டும். “பார்த்தாலே தெரிகிறதே சார், கம்பைலருக்கு இதுகூடவா தெரியாது?” என்று கேள்வி வரும். தேர்வுக்குப் படித்த பதில் ஒன்று தயாராக இருக்கிறது: நிற்றல் சிக்கல் (எந்த நிரலைக் கொடுத்தாலும் அது என்றாவது நிற்குமா என்று சொல்லிவிடும் பொதுவழி இல்லை என்பது), ஆலன் டியூரிங், 1936. அந்தப் பதிலில் தவறு இல்லை. ஆனால் நாம் அன்றாடம் முட்டிக்கொள்கிற இடங்களில் பெரும்பாலானவற்றுக்கு டியூரிங் காரணமில்லை என்பது என் கட்சி. கம்பைலர் வாயைத் திறக்காததற்கு வேறு காரணங்கள் இருக்கின்றன. அவற்றில் சில கணிதமே இல்லை.

முதலில் அந்த ஜாவா விஷயத்தை முடித்துவிடலாம். ஜாவாவில் எட்டாத வரி, அதாவது போக வழியே இல்லாத வரி, எச்சரிக்கை அல்ல, பிழை. பிழை என்றால் எல்லாக் கம்பைலரும் ஒரே தீர்ப்பு சொல்லியாக வேண்டும். ஒரு நிறுவனத்தின் கம்பைலர் கொஞ்சம் புத்திசாலியாக இருந்து, இன்னொன்று மந்தமாக இருந்தால், அதே நிரல் ஓரிடத்தில் கம்பைல் ஆகும், இன்னோரிடத்தில் ஆகாது. அதனால் மொழியின் விதிநூல் வேண்டுமென்றே ஆழம் குறைந்த ஒரு கோட்டைக் கிழித்திருக்கிறது: எழுதும்போதே மாறிலி என்று தெரிகிற கோவைகளை மட்டும் பார், மற்றதைக் கண்டுகொள்ளாதே. ‘ஃபைனல்’ சேர்த்ததும் எண்ணிக்கை மாறிலி ஆகிவிடுகிறது, கோட்டுக்கு உள்ளே வந்துவிடுகிறது. ‘இஃப்’ தப்பித்ததற்குக் காரணமும் விதிநூலிலேயே இருக்கிறது. சோதனைக்காக எழுதிய பகுதியை ஒரு மாறிலியை ஃபால்ஸ் ஆக்கி அணைத்து வைக்கும் பழக்கம் நிரலாளர்களிடம் உண்டு. அதைத் தடுக்கக் கூடாது என்று இஃபுக்கு விலக்கு கொடுத்தார்கள். ஆக, இங்கே கம்பைலர் அறியாமல் விடவில்லை. தெரிந்தேதான் விடுகிறது.

சரி, டியூரிங்குக்கு வருவோம். ஒரு நிரலில் ஒரு நீண்ட தேடல் இருக்கிறது, அதற்கு அடுத்த வரியில் ‘கிடைத்தது’ என்று அச்சிடச் சொல்லியிருக்கிறது. அந்த அச்சு வரி எட்டக்கூடியதா? தேடல் என்றாவது முடிந்தால் எட்டும், முடியாவிட்டால் எட்டாது. எந்த நிரலைக் கொடுத்தாலும் இதைத் தவறாமல் தீர்மானிக்கும் கருவி கிடைத்துவிட்டால் நிற்றல் சிக்கலே தீர்ந்ததாகிவிடும். அது முடியாது என்று டியூரிங் நிறுவிவிட்டார். நிரலின் நடத்தையைப் பற்றிய ஏறக்குறைய எந்தக் கேள்விக்கும் இதே கதிதான் என்று 1953-இல் ஹென்றி கோர்டன் ரைஸ் விரித்துக் காட்டினார். எடுத்துக்காட்டு வேண்டுமென்றால் கோல்ட்பாக் ஊகம் இருக்கிறது. 2-ஐவிடப் பெரிய ஒவ்வோர் இரட்டை எண்ணும் இரண்டு பகா எண்களின் கூட்டல் என்கிறது அது. 1742-இல் எழுதிய ஒரு கடிதத்தில் பிறந்தது, இன்றுவரை நிறுவப்படவில்லை. அதற்குப் பொருந்தாத எண்ணைத் தேடி, கிடைத்தால் அச்சிடு என்று ஒரு நிரல் எழுதிவிடலாம். பத்திருபது வரிகூட வேண்டாம். அச்சு வரி எட்டாதது என்று கம்பைலர் சொல்ல வேண்டுமானால் கிட்டத்தட்ட முந்நூறு வருடக் கணக்கை அது முடித்துவைக்க வேண்டும்.

ஆனால் யார் அப்படி நிரல் எழுதுகிறார்கள்? அடகுக் கடைக் கணக்கில் கோல்ட்பாக் வரமாட்டார். மேலும், 32 பிட் எண்களை மட்டும் வைத்துக்கொண்டு, நினைவகத்துக்கும் எல்லை வைத்து இயங்கும் நிரலுக்கு நிலைகள் எண்ணி முடியக்கூடியவை. கோட்பாட்டளவில் அத்தனையையும் போட்டுப் பார்த்துத் தீர்மானித்துவிடலாம். ஒரே ஒரு 32 பிட் உள்ளீடு என்றால் 4,294,967,296 மதிப்புகள். இன்றைய கணினிக்கு அது பெரிய வேலை இல்லை. இரண்டு 64 பிட் உள்ளீடுகள் என்று ஆகிவிட்டால் கதை முடிந்தது. சாத்தியம் இருக்கிறது, நேரம்தான் இல்லை. பொத்தானை அழுத்திவிட்டுக் காத்திருக்கிற நிரலாளருக்கு அரை நிமிடமே நீண்ட நேரம்.

அதனால் கம்பைலர்கள் ஒரு பாதுகாப்பான பாதியைச் செய்கின்றன. நிரலைக் கிளை பிரியாத துண்டுகளாக வெட்டி, எதிலிருந்து எதற்குப் போகலாம் என்று ஒரு வரைபடம் போடும். நுழைவாயிலிலிருந்து கிளம்பிப் போகக்கூடிய துண்டுகளையெல்லாம் குறித்துக்கொண்டே வரும். குறி விழாதது எட்டாதது. ரிட்டர்னுக்கு (விடையோடு திரும்பிப் போ என்ற கட்டளை) அடுத்த வரி, முடிவில்லாச் சுற்றுக்குக் கீழே இருக்கிற வரி எல்லாம் இதிலேயே சிக்கிவிடும். நிபந்தனை வந்தால் உண்மையா பொய்யா என்று ஆராயாமல் இரண்டு பக்கமும் போகலாம் என்றே எடுத்துக்கொள்ளும். இதற்கு அடுத்த படி, மாறிகளில் என்ன மாறிலி இருக்கும் என்பதையும் எந்தக் கிளை திறக்கும் என்பதையும் ஒன்றாகப் பின்தொடர்வது. வெக்மன், ஜாடெக் இருவரும் 1991-இல் வெளியிட்ட முறை இன்றும் பல கம்பைலர்களின் அடிப்படை. அதற்கும் மேலே, மாறியின் மதிப்பு எதிலிருந்து எதுவரை இருக்கலாம் என்று எல்லை பார்ப்பார்கள். 10-ஐவிடப் பெரிது என்ற இஃபுக்குள் 5-ஐவிடச் சிறிது என்று இன்னொரு இஃப் இருந்தால் அது இதில் மாட்டும்.

எங்கே தவறவிடும்? பாதைகள் சேருகிற இடத்தில். மேலே ஒரு நிபந்தனை, அது உண்மையானால் வகை 1, இல்லாவிட்டால் வகை 2. கொஞ்சம் கீழே அதே நிபந்தனை மறுபடியும் வந்து, அதற்குள் ‘வகை 2 என்றால்’ என்று ஒரு கிளை. படிக்கிற நமக்கு அது நடக்காது என்று தெரியும். கம்பைலருக்கு முதல் இஃப் முடிந்து பாதைகள் சேர்ந்ததுமே ‘வகை 1 அல்லது 2’ என்பது மட்டும்தான் நினைவிருக்கும். எந்தப் பக்கமாக வந்தால் எது என்பது மறந்துபோயிருக்கும். மறக்காமல் இருக்கப் பாதைகளைத் தனித்தனியாக வைத்துக்கொள்ள வேண்டும். வரிசையாக 30 இஃப் இருந்தால் பாதைகள் 1,073,741,824. சில எளிய இடங்களில் பாதையைப் பிரித்துப் பார்க்கவும் செய்கிறார்கள்தான், ஆனால் அளவோடு.

எல்லாவற்றிலும் சந்தேகம் வந்தால் ‘எட்டும்’ என்றே வைத்துக்கொள்வது நியதி. எட்டாததை எட்டும் என்று நினைத்தால் கொஞ்சம் இடம் வீண். எட்டுவதை எட்டாது என்று வெட்டி எறிந்தால் நிரலே தவறு.

இனி, “பார்த்தாலே தெரிகிறதே” என்ற பேச்சுக்கு வருவோம். எனக்குப் பிடித்த இடம் இதுதான், ஏனென்றால் இங்கே பல தடவை கம்பைலர்தான் சரி.

வட்டிக் கணக்கு நிரலில் ஒரு ஃபங்ஷன், அதாவது தனிப் பெயரோடு ஒரு வேலையைச் செய்யும் துண்டு. விகிதம் பூஜ்யமோ அதற்கு மேலோ என்றால் ஒன்றைத் திருப்பு. விகிதம் பூஜ்யத்துக்குக் கீழ் என்றால் வேறொன்றைத் திருப்பு. அவ்வளவுதான், ஃபங்ஷன் முடிந்தது. ஜாவா கம்பைலர் ரிட்டர்ன் குறைகிறது என்று திருப்பி அனுப்பும். ஒரு எண் பூஜ்யத்துக்கு மேலே இருக்கும், கீழே இருக்கும், பூஜ்யமாக இருக்கும், நாலாவது வழி எங்கிருந்து வரும்? விகிதம் முழு எண் வகையாக இருந்தால் இந்தக் கோபம் நியாயம். கம்பைலர் அவ்வளவு தூரம் யோசிக்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் வட்டி விகிதத்தை யாரும் முழு எண்ணாக வைப்பதில்லை, ‘டபிள்’ என்ற தசம எண் வகையில்தான் வைப்பார்கள். தசம எண்களுக்கான ஐஇஇஇ 754 தரநிலையில் ‘எண் அல்ல’ என்ற ஒரு தனி மதிப்பு உண்டு. அதை எந்த எண்ணோடு பெரிதா, சிறிதா, சமமா என்று ஒப்பிட்டாலும் பொய் என்றே வரும். வட்டியை அசலால் வகுத்து விகிதம் கண்டுபிடிக்கிறீர்கள், அசல் பூஜ்யம், வட்டியும் பூஜ்யம், கணக்கு முடிந்த பழைய சீட்டு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். விடை அந்த ‘எண் அல்ல’. இரண்டு இஃபையும் தாண்டிக் கீழே விழும். நாலாவது வழி இருக்கிறது.

இதே மாதிரி, ஒரு எண்ணை அதே எண்ணால் பெருக்கி, விடை பூஜ்யத்துக்குக் கீழே என்றால் இதைச் செய் என்று எழுதினால் அது ஓடாத வரி என்று எட்டாம் வகுப்புப் பிள்ளை சொல்லும். ஜாவாவில் 50,000-ஐ 50,000-ஆல் பெருக்கிப் பாருங்கள். 32 பிட்டுக்குள் 2,147,483,647 வரைதான் அடங்கும், மிச்சம் சுற்றிக்கொண்டு வந்து −1,794,967,296 என்று நிற்கும். வரி ஓடும்.

சி மொழியில் இதே விஷயம் தலைகீழ். குறியுள்ள முழு எண் நிரம்பி வழிந்தால் என்ன ஆகும் என்று சி தரநிலை சொல்லவே இல்லை. அப்படி நடக்காது என்று கம்பைலர் எடுத்துக்கொள்ளலாம். அதனால் அந்தக் கிளையைச் சத்தமில்லாமல் நீக்கிவிட அதற்கு உரிமை உண்டு. எண்ணோடு ஒன்று கூட்டினால் சிறியதாகிறதா என்று வழிதலைச் சோதிக்க எழுதிய காவல் வரியே இப்படிக் காணாமல் போனதுண்டு. 2009-இல் லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கர்னலில், டன் (TUN) என்ற நெட்வொர்க் டிரைவரில் நடந்ததும் இந்த வகைதான். ஒரு பாயின்டரை (நினைவக முகவரியை வைத்திருக்கும் மாறி) முதலில் பயன்படுத்திவிட்டு, அதற்குக் கீழே அது எதையும் சுட்டாத நல் (null) பாயின்டரா என்று சோதித்திருந்தார்கள். ஏற்கெனவே பயன்படுத்தியாயிற்று, ஆகவே அது நல் பாயின்டராக இருக்க முடியாது, ஆகவே சோதனைக்குள் இருக்கிற வரி எட்டாதது என்று ஜிசிசி என்ற சி கம்பைலர் கணக்குப் போட்டு அந்தச் சோதனையையே எடுத்துவிட்டது. அந்த ஓட்டை வழியாகக் கர்னலுக்குள் புகுந்து காட்டினார்கள். அதற்குப் பிறகு நல் பாயின்டர் சோதனைகளை நீக்காதே என்ற ஆப்ஷனோடுதான் கர்னலைக் கம்பைல் செய்கிறார்கள்.

ஆக, எட்டாத வரியைக் கண்டுபிடிக்கும் திறமை கம்பைலரிடம் நிறையவே இருக்கிறது. கண்டுபிடித்ததை நம்மிடம் சொல்வதில்தான் சிக்கல்.

ஜிசிசியில் முன்பு எட்டாத வரிக்கென்றே ஓர் எச்சரிக்கை ஆப்ஷன் இருந்தது. 2010-இல் வந்த 4.5 பதிப்பில் அதை எடுத்துவிட்டார்கள். அது ஆப்டிமைசரின் (கம்பைலருக்குள் நிரலை வேகமாக்கும் பகுதியின்) கண்டுபிடிப்பை நம்பி இருந்ததுதான் காரணம். ஆப்டிமைசர் பதிப்புக்குப் பதிப்பு மாறும். ஒரு பதிப்பில் வந்த எச்சரிக்கை அடுத்ததில் வராது, வராதது புதிதாக வரும். அதுவும் போக, ஆப்டிமைசர் பார்க்கும்போது நிரல் நாம் எழுதிய வடிவில் இருப்பதில்லை. ஒரு ஃபங்ஷனை நாலு இடத்தில் விரித்து ஒட்டியிருக்கும். அந்த நாலில் மூன்றில் ஒரு வரி செத்திருக்கும், ஒன்றில் உயிரோடு இருக்கும். மூலத்தில் இருக்கிற ஒரே வரியைப் பார்த்து என்ன எச்சரிக்கை கொடுப்பது? சி-யின் ‘லாங்’ எண் வகையின் அளவு 4 பைட்டா என்று சோதிக்கும் கிளை 64 பிட் லினக்ஸில் எட்டாதது, 32 பிட்டில் எட்டும். அதற்கு எச்சரித்தால் நிரலாளருக்கு எரிச்சல்தான் வரும். எரிச்சல் வந்தால் எச்சரிக்கையை அணைத்துவிடுவார். நானாக இருந்தாலும் அணைத்துவிடுவேன்.

இதில் ஒரு வேடிக்கை. ஆப்ஷனின் செயலை எடுத்தார்களே தவிர பெயரை எடுக்கவில்லை. பழைய மேக்ஃபைல்கள் (கம்பைல் கட்டளைகளை எழுதி வைத்த கோப்புகள்) உடையக் கூடாது என்று, கொடுத்தால் வாங்கிக்கொண்டு ஒன்றும் செய்யாமல் இருக்கும்படி விட்டுவிட்டார்கள். எச்சரிக்கை போட்டிருக்கிறோம் என்று நம்பி இருந்தவர்களுக்கு ஒரு சத்தமும் வராது.

2014 பிப்ரவரியில் ஆப்பிள் அவசரமாக ஒரு திருத்தம் வெளியிட்டது. பாதுகாப்பான இணைப்பில் எதிர்ப்பக்கச் சர்வரின் கையெழுத்தைச் சரிபார்க்கும் ஃபங்ஷனில் ‘கோட்டு ஃபெயில்’ (goto fail, ‘ஃபெயில்’ என்று பெயரிட்ட இடத்துக்குத் தாவு) என்ற வரி அடுத்தடுத்து இரண்டு தடவை வந்திருந்தது. முதலாவது இஃபுக்குச் சொந்தம். இரண்டாவது யாருக்கும் சொந்தமில்லை, எப்போதும் ஓடும். அதற்குக் கீழே இருந்த உண்மையான சரிபார்ப்பு முழுவதும் எட்டாத வரிகள் ஆகிவிட்டன. பிழை எண் பூஜ்யமாகவே இருந்ததால் ‘எல்லாம் சரி’ என்று ஃபங்ஷன் திரும்பிவிடும். இது கண்டுபிடிக்க முடியாத வகை இல்லை. நுழைவாயிலிலிருந்து குறி வைத்துக்கொண்டே போகும் முதல் முறைக்கே அகப்படும். கிளாங் கம்பைலரில் இதற்கான எச்சரிக்கை அன்றே இருந்தது, ஆனால் ‘எல்லாம்’ என்ற பொருளில் பெயர் வைத்திருக்கிற பொது ஆப்ஷனில் அது அடங்காது. தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். ஜிசிசியோ மேலே சொன்னபடி கேட்டாலும் கொடுக்காது. பிறகு 2016-இல் ஜிசிசி 6-இல், வரியின் உள்தள்ளலும் அதன் பொருளும் ஒத்துப்போகவில்லை என்றால் எச்சரிக்கிற ஒன்றைக் கொண்டுவந்தார்கள். எட்டாத வரியைத் தேடுவதற்குப் பதிலாக, மனிதக் கை தவறிய தடத்தைத் தேடுகிறது அது. எனக்கு இது நல்ல யோசனையாகப் படுகிறது.

இதுவரை பார்த்தது ஒரு ஃபங்ஷனுக்குள். வெளியே வந்தால் கம்பைலரின் பார்வை இன்னும் குறுகிவிடும். செட்டிநாட்டு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். வளவைச் சுற்றி அறைகள், பங்காளிக்கு ஒன்று, ஒவ்வொன்றுக்கும் பூட்டு. வருடக்கணக்காகத் திறக்காத அறையைப் பார்த்து இனி இதற்கு யாரும் வரமாட்டார்கள் என்று காவல்காரர் சொல்லிவிட முடியாது. சாவி கோலாலம்பூரிலோ சென்னையிலோ யார் கையிலோ இருக்கிறது, அடுத்த கல்யாணத்துக்கு வந்து திறப்பார்கள். கம்பைலரும் ஒரு நேரத்தில் ஒரு கோப்பைத்தான் பார்க்கிறது. சி-யில் ஒரு ஃபங்ஷனை ‘ஸ்டாட்டிக்’ என்று குறித்திருந்தால் அது இந்தக் கோப்புக்கு மட்டும் என்று தெரியும், யாரும் அழைக்கவில்லை என்றால் எச்சரிக்கும். குறிக்காவிட்டால் வேறு எந்தக் கோப்பும் அழைக்கலாம், அதனால் பேசாது. கம்பைல் ஆன கோப்புகளை ஒன்றாக்கும் லிங்கர் எல்லாவற்றையும் சேர்க்கும்போது முழுப் படமும் தெரியும். அங்கே பயன்படாத பகுதிகளை வெட்டும் வசதி உண்டு. ஆனால் வெளியார் பயன்படுத்தும் நூலகமாக இருந்தால் அங்கேயும் தெரியாது. ஜாவாவில் வகுப்பின் பெயரைச் சரமாகக் கொடுத்து ஓடும்போது ஏற்றலாம். அந்தச் சரம் ஒரு செட்டிங்ஸ் கோப்பில் இருக்கலாம். ஆண்ட்ராய்டு செயலிகளைச் சுருக்கும் ஆர்8 கருவிக்கு ‘இதை வெட்டாதே’ என்று நாமே தனிக் கோப்பில் விதி எழுதிக் கொடுப்பது இதனால்தான். கொடுக்க மறந்தால் செயலி டெஸ்ட்டில் ஓடும், கடைக்குப் போனதும் விழும்.

பிரித்துப் பிரித்துக் கம்பைல் செய்வதால் வரும் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. நகரத்தார் புள்ளிக் கணக்கு (கோவில்வாரியாகக் குடும்பங்களின் கணக்கு) வைத்துக்கொள்ள யாரோ நிரல் எழுதுகிறார்கள் என்போம். இளையாத்தங்குடியில் தொடங்கி பிள்ளையார்பட்டி, வைரவன்பட்டி என்று நகரக் கோவில்கள் ஒன்பது. ஈனம் (enum, இன்னின்ன பெயர்கள் மட்டும் என்று பட்டியலிட்ட வகை) வகையில் ஒன்பது பெயர், மதிப்புக்கு ஏற்பக் கிளை பிரிக்கும் ஸ்விட்சில் ஒன்பது கிளை. பத்தாவதாக ஒரு ‘டிஃபால்ட்’ (வேறு எதுவானாலும்) கிளை தேவையா? ஒன்பது பத்தாகப் போவதில்லை என்று காரைக்குடியில் எல்லாருக்கும் தெரியும். கம்பைலருக்கு அந்த வரலாறு தெரியாது. ஜாவாவின் புதிய ஸ்விட்ச் கோவையில் ஒன்பதையும் எழுதிவிட்டால் டிஃபால்ட் கேட்காது. ஆனால் பிழை வீசும் ஒரு கிளையைத் தானே உள்ளே சேர்த்துவிடும். ஏனென்றால் ஈனம் இருக்கிற கோப்பை மட்டும் நாளைக்கு யாராவது பத்துப் பெயரோடு மறுபடி கம்பைல் செய்தால், இந்தப் பக்கத்துக்கு அது தெரியவராது. சி-யில் ஈனம் மாறிக்குள் 10 என்ற எண் எந்தத் தடையும் இல்லாமல் உட்காரும், கோப்பிலிருந்து தவறாகப் படித்தாலே போதும். ரஸ்ட் மொழியில் ஈனத்துக்குள் தவறான மதிப்பு நுழையவே விடமாட்டார்கள். படித்த எண்ணை ஈனமாக மாற்றும் இடத்திலேயே பத்தாவதைத் திருப்பி அனுப்பியாக வேண்டும், அதனால் ஸ்விட்சில் பத்தாவது கிளைக்கு வேலை இல்லை. கேள்வியை இடம் மாற்றி வைப்பது என்றாலும், நல்ல இடமாற்றம்.

யாரும் பயன்படுத்தாத கோட் வேறு, எட்டாத கோட் வேறு என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2012 ஆகஸ்ட் 1 அன்று நைட் கேபிடல் என்ற அமெரிக்கப் பங்குவணிக நிறுவனம் முக்கால் மணி நேரத்தில் 440 மில்லியன் டாலருக்கு மேல் இழந்தது. எட்டு சர்வர்களில் ஒன்றில் மட்டும் புதிய நிரலை ஏற்ற விட்டுப்போயிருந்தது. வருடக்கணக்கில் யாரும் பயன்படுத்தாத ஒரு பழைய பகுதி அதில் அப்படியே இருந்தது. அதை இயக்கும் பழைய கொடியையே (ஃபிளாக், ஒரு பகுதியை இயக்கவா வேண்டாமா என்று சொல்லும் குறி) புதிய வேலைக்கு எடுத்துப் பயன்படுத்தியிருந்தார்கள். கொடி ஏறியதும் பழைய பகுதி விழித்துக்கொண்டது. எந்தக் கம்பைலரும் அதை எட்டாதது என்று சொல்லியிருக்காது, சொல்லவும் கூடாது. இந்த வகையைப் பிடிக்கக் கவரேஜ் அறிக்கைதான் உதவும். அதுவும் எது ஓடியது என்றுதான் சொல்லும்.

சி, சி++ எழுதுகிறவர்கள் வழக்கமான கம்பைலர் ஜிசிசியாக இருந்தாலும், நிரலை அவ்வப்போது கிளாங்கில் எட்டாத வரிக்கான எச்சரிக்கையைப் பெயர் சொல்லிக் கேட்டு ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாம். நிரலைத் தானாகக் கம்பைல் செய்யும் பில்டு சர்வரில் வைப்பதானால் எச்சரிக்கையாகவே வையுங்கள், பிழையாக உயர்த்த வேண்டாம். கம்பைலர் பதிப்பை ஏற்றுகிற வாரத்தில் ஒரு வரிகூட மாற்றாத நிரல் பில்டு ஆகாமல் நிற்கும், அதைச் சரிசெய்ய யாராவது ஒருவர் எட்டாத வரிகளை அவசரத்தில் அழிப்பார். அவர் அழிப்பது கோட்டு ஃபெயிலுக்குக் கீழே இருக்கிற சரிபார்ப்பாகவும் இருக்கலாம்.